‘கேட்டுட்டுச் சொல்றோம்’: சின்னத்திரைக்கு மெட்டு அனுப்புகிறவர்கள் வாங்கும் மறுப்புகள்

பரளச்சி, மண்டபசாலை, பெருநாழிப் பக்கத்து மேளக்காரர்களுக்கு மறுப்பு எப்படி வரும் என்பது பழகிப்போன விஷயம். பங்குனிப் பொங்கலுக்கு முன்கூட்டியே ஊர் ஆட்கள் வந்து வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்தால் அந்த வருஷம் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. ‘உங்க உறுமி சரியாப் பேசலை’ என்று யாரும் ஆள் விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் காரணம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். போன தடவை வேன் லேட்டாக வந்தது, அல்லது கமிட்டித் தலைவருடைய மச்சான் கமுதிப் பக்கம் வேறொரு செட்டைப் பேசி முடித்துவிட்டார் என்று டீக்கடையில் தெரிந்துவிடும். காரணம் தெரிந்தால் பாதி வருத்தம் தீரும். மீதிப் பாதிக்கு அடுத்த வருஷம் வேனைச் சீக்கிரம் கிளப்பலாம்.

தொலைக்காட்சிக்குச் சொந்த மெட்டு அனுப்புகிறவருக்கு இந்த வசதி கிடையாது. திருச்சுழி வட்டத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப், தெரிந்த நாகஸ்வரக்காரர் ஒருவர், பாடுவதற்கு அத்தை மகள். ஒரு டைட்டில் பாட்டும் நாலைந்து பின்னணித் துண்டுகளும் செய்து, சென்னையில் தொடர் எடுக்கும் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நீல டிக் விழுகிறது. ‘கேட்டுட்டுச் சொல்றோம் தம்பி’ என்று பதில் வருகிறது. அதோடு சரி. இந்த அமைதியை என்னவென்று எடுத்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பாட்டு மோசமா? காலம் சரியில்லையா? ஆள் தெரியாததாலா? திறந்தே பார்க்கவில்லையா? நாலுக்கும் ஒரே அமைதிதான் பதில்.

இதைப் பற்றி நம்மிடம் இருக்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் ஊக்கப் பேச்சு. அமிதாப் பச்சன் குரலை வானொலி வேண்டாம் என்றது, பீட்டில்ஸை டெக்கா கம்பெனி திருப்பி அனுப்பியது, ஆகவே விடாதே என்பார்கள். எனக்கு இந்தக் கதைகளில் நம்பிக்கை குறைவு. திருப்பி அனுப்பப்பட்டு, விடாமல் முயன்று, கடைசிவரை ஒன்றும் கிடைக்காதவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்வதில்லை. கதை சொல்ல உயிரோடு வந்தவர்களை மட்டும் வைத்துப் பாதை போட முடியாது. ஆனால் டெக்கா கதையைச் சரியாகப் படித்தால் அதில் வேறொரு பாடம் இருக்கிறது. 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் பீட்டில்ஸ் 15 பாட்டு வாசித்தார்கள். அதில் அவர்களுடைய சொந்தப் பாட்டு 3தான். டெக்கா எடுத்துக்கொண்டது பிரையன் பூல் அண்ட் தி ட்ரெமலோஸ் என்ற குழுவை. அதற்கு ஒரு காரணம், அந்தக் குழு லண்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. லிவர்பூல்காரர்களை வைத்து வேலை வாங்குவதைவிட இது எளிது. அதாவது, இசை வரலாற்றிலேயே பேர்போன மறுப்பில் பஸ் தூரத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. பரளச்சிக்காரருக்கு இதைவிட நன்றாகப் புரியும் சேதி வேறில்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் டியூனை மாற்றிக் கேட்கும் ஆள், சென்னைச் சாலிகிராமத்தில் பக்கத்துத் தெருவில் இருப்பவரைத்தான் கூப்பிடுவார்.

நம் நாட்டில் இசைக்கு முறைப்படி மறுப்புச் சொல்லும் வேலையை முதலில் பெரிய அளவில் செய்தது அகில இந்திய வானொலி. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு குரல் தேர்வு முறை இறுகியது. பாடுகிறவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பார். தேர்வுக்குழு வேறோர் அறையில் ஸ்பீக்கரில் கேட்கும். முகம் தெரியாது, பேர் தெரியாது, ஒரு நம்பர்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் சுருதி பிடித்து ஆரம்பிக்க வேண்டும். நடுவில் குரல் வந்து ‘அடுத்தது’ என்றால் நிறுத்த வேண்டும். மேடையில் முன்வரிசை முகத்தைப் பார்த்துப் பாடிப் பழகியவர்களுக்கு அந்தச் சுவர் பெரிய சோதனை. பேரெடுத்த வித்வான்கள் பலர் ‘எங்களுக்கே பரீட்சையா’ என்று கொதித்தார்கள். தேறியவர்களுக்கு பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு. தேறாதவர் இடைவெளி விட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். முடிவு எதுவானாலும் தபாலில் தாள் வரும் என்பது அந்த முறையின் பெரிய மரியாதை.

மறைத்து வைத்துக் கேட்பது நியாயம் என்பதற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்கள் 1970களிலிருந்து தேர்வின்போது திரை கட்டத் தொடங்கின. அது பெண்கள் தேர்வாவதற்கு உதவியது என்று கிளாடியா கோல்டினும் சிசிலியா ரவுஸும் 2000இல் எழுதினார்கள். அந்தக் கணக்கு அவ்வளவு உறுதியானதில்லை என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியதும் உண்மை. ஆனால் 2013இல் சியா-ஜங் ட்சாய் வெளியிட்ட சோதனை ஒன்று வயிற்றைக் கலக்கும். இசைப் போட்டி வீடியோக்களைச் சத்தமில்லாமல் காட்டியபோது, யார் ஜெயித்தார் என்பதை மக்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். சத்தத்தை மட்டும் கேட்டவர்களால் அந்த அளவுக்குச் சொல்ல முடியவில்லை. தேர்ந்த இசைக்காரர்களுக்கும் அதே கதி. காது முடிவு செய்கிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் கண் முடிவு செய்திருக்கிறது.

சுவர் கட்டினாலும் மறைக்க முடியாதது ஒன்று உண்டு: வாத்தியம். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அது நம் சங்கீதத்தின் கமகத்துக்கு ஒத்துவராது என்பது வாதம். அப்படிச் சொன்னவர்களில் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயரும் ஒருவர். தடை 1971இல்தான் தளர்ந்தது. முப்பது வருஷம்! அதே முப்பது வருஷம் மதுரையைச் சுற்றி ஸ்பெஷல் நாடகம் முழுக்க ஆர்மோனியத்தின் மேல்தான் நின்றது. வள்ளி திருமணத்தில் விடிய விடிய பின்பாட்டுப் பாடி வாசித்த ஆர்மோனியக்காரர், கரிசல் கிராமங்களில் ராஜபார்ட்டுக்கு அடுத்த மரியாதை வாங்கியவர், வானொலியின் கண்ணில் வாசிக்கவே தகுதியில்லாத பெட்டியை வைத்திருந்தவர். அவர் வாசிப்பை யாரும் குறை சொல்லவில்லை, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சினிமாப் பாட்டையும் கேஸ்கர் காலத்தில் வானொலி ஒதுக்கியது. ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள்; 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்க வேண்டியதாயிற்று. வாசலில் நிற்கிறவர்களும் தவறுவார்கள், திருத்திக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் திருந்தும் வரை ஒருவர் வாழ்நாள் போய்விடலாம். இதை மறந்துவிட்டு ‘தகுதி இருந்தால் தானாக வரும்’ என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இனி தொலைக்காட்சி. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இலும், சன் டிவி 1993 ஏப்ரல் 14இலும் ஆரம்பித்தன. 1999இல் ‘சித்தி’ வந்தபோது தொடர்களுக்கும் சினிமா மாதிரி டைட்டில் பாட்டு என்ற வழக்கம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு இசை தினா, பாட்டு வைரமுத்து. டி. இமான் 2002இல் ‘தமிழன்’ படத்துக்கு வருமுன் சின்னத்திரையில் வேலை பார்த்தவர். ஏ.ஆர். ரஹ்மான் ‘ரோஜா’வுக்கு முன் விளம்பரப் படங்களுக்கு இசை போட்டவர். ஆகவே சின்னத்திரை இசை என்பது ஏணியின் கீழ்ப்படி என்ற நினைப்பு சும்மா வந்ததில்லை. அதோடு நிற்காமல், 1986இல் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடருக்கு எல். வைத்தியநாதன் போட்ட மெட்டைக் கேட்டால் இன்றைக்கும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்; பல சினிமாப் பாட்டுக்கு அந்த ஆயுள் இல்லை.

ஆனால் வெளியிலிருந்து ஒருவர் அனுப்பும் மெட்டுக்கு அங்கே எவ்வளவு இடம்? ஒரு மெகா தொடரின் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் விடை தெரியும். தொடர் ஆரம்பிக்கும்போதே இசையமைப்பாளர் ஒருவரைப் பேசி முடிப்பார்கள். டைட்டில் பாட்டு, கதாநாயகி தீம், வில்லி தீம், சோகம், பாசம், பரபரப்பு, சின்னச் சின்ன அதிர்ச்சிகள் என்று ஒரு மூட்டை வாங்கிக்கொள்வார்கள். பிறகு எபிசோடுகள் நூற்றுக்கணக்கில் ஓடும்போது, ரீரெக்கார்டிங் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அந்த மூட்டையிலிருந்துதான் எடுத்து எடுத்து ஒட்டுவார். மாமியார் கதவைத் திறக்கிறாளா, அதிர்ச்சி மூன்று. மருமகள் திரும்புகிறாளா, சோகம் இரண்டு, மெதுவாக. இன்று ராத்திரி ஒளிபரப்பு, சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த அவசரத்தில் பரளச்சியிலிருந்து வந்த நாலு நிமிஷப் பாட்டைக் கேட்க அவருக்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளோ சினிமாப் பாட்டிலேயே ஓடுகின்றன. அங்கே சொந்த மெட்டுக்கு வாசலே கிடையாது. நம் இளைஞர் அனுப்பிய பாட்டு ‘வேண்டாம்’ என்று தள்ளப்படுவதே அபூர்வம். பெரும்பாலும் அது கேட்கப்படும் இடத்துக்கே போவதில்லை.

மேலைநாட்டில் கதை வேறு. அங்கே தொடருக்குப் பாட்டுத் தேர்வு செய்வதற்கென்றே மியூசிக் சூப்பர்வைசர் என்ற வேலை இருக்கிறது. இருக்கும் பாட்டுகளில் காட்சிக்குப் பொருந்துவதை எடுத்து உரிமம் வாங்குவார்கள். லண்டனில் டி வுல்ஃப் என்ற இசைக் கிடங்கு 1909இல் தொடங்கி இன்னும் நடக்கிறது. அந்த ஊர் முறையில் மறுப்பு என்றால் பெரும்பாலும் ‘இந்தக் காட்சிக்கு இது இல்லை’ என்பதுதான். கேட் புஷ் 1985இல் வெளியிட்ட ‘ரன்னிங் அப் தட் ஹில்’, 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்த பிறகு இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. 37 வருஷத்தில் பாட்டில் ஒரு ஸ்வரம் மாறவில்லை. காட்சி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் இந்த ஏற்பாடு ஓடிடி தொடர்கள், ஆவணப்படங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டுகிறது. முயற்சி செய்கிறவர் மெகா தொடர் வாசலில் நிற்பதைவிட இந்தப் பக்கம் போவது மேல் என்பது என் கணிப்பு.

சரி, பாட்டின் தரத்துக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2006இல் மேத்யூ சல்கானிக்கும் தோழர்களும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,341 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, மற்றவர்கள் எதை இறக்கிக்கொண்டார்கள் என்று சில உலகங்களில் காட்டினார்கள். ஒவ்வோர் உலகத்திலும் வேறு வேறு பாட்டு ஜெயித்தது. மிக நல்ல பாட்டு அடியில் போவதும் மிக மோசமான பாட்டு உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் இருப்பவை எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது முடிவு. நம்மில் பெரும்பாலோர் செய்வது அந்த நடுப்பாட்டுதான். அதை ஒப்புக்கொண்டால் ஒரு மறுப்பைப் பெரிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் வேதனை குறையும். ஒரே ஆளிடமிருந்து வந்த ஒரே ஏற்பையும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் மறுபக்கம்.

கரிசல் காட்டுக்காரருக்கு இதற்கு மேலும் இரண்டு மறுப்புகள் தனியாக உண்டு. முதலாவது, ‘கிராமத்து எபிசோடுக்கு வச்சுக்கிறோம்’. உறுமி என்றால் சாமியாட்டம், பறை என்றால் சாவு அல்லது சண்டை, நாகஸ்வரம் என்றால் தாலி. வாத்தியத்தின் மேல் சாதியும் சடங்கும் ஏறி உட்கார்ந்திருப்பதால், ஒரு காதல் காட்சிக்கு உறுமியில் மெதுவாக ஒரு தாளம் போட்டு அனுப்பினால் எடிட்டருக்குப் பிணம் ஞாபகம் வருகிறது. இதைச் ‘சவுண்ட் செட் ஆகலை’ என்பார்கள். சவுண்டு நன்றாகத்தான் செட் ஆகியிருக்கும். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிப் பேரெடுத்தவர். 1985இல் ‘ஆண் பாவம்’ படத்துக்கு வந்தார், பாட்டியாகத்தான். பரவை முனியம்மாவுக்கும் அதேதான். கிராமத்துக் குரல் கிழவியின் உடம்பில் வந்தால்தான் ஏற்பு. 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியபோது கானாவும் பறையும் கித்தாரும் ஒன்றாக நின்றன. தொலைக்காட்சி அனுமதிக்காகக் காத்திருந்தால் அது நடந்திருக்காது. இந்த வகை மறுப்புக்குப் பாட்டைத் திருத்திப் பயனில்லை. திருத்தினால் உறுமியை எடுத்துவிட்டு ஸ்ட்ரிங்ஸ் போட வேண்டியிருக்கும். பிறகு சென்னையில் அதே வேலையைச் செய்யும் நூறு பேரில் இவரும் ஒருவர்.

இரண்டாவது, உரிமை பற்றியது. இதைத்தான் நம்மவர்கள் சரியாகக் கவனிப்பதில்லை. அத்தை பாடிய தாலாட்டு, முளைப்பாரிக் கும்மி, நடவுப் பாட்டு இவற்றிலிருந்து மெட்டு எடுக்கிறார்கள். அது ஊர்ச் சொத்து, யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அதே மெட்டை ஏற்கெனவே ஒரு கேசட் கம்பெனி தன் பேரில் வெளியிட்டிருந்தால் யூடியூபில் கிளைம் வந்து விழும். கீபோர்டோடு வரும் ரெடிமேட் லூப் இன்னொரு வினை. அதே லூப்பைப் போட்ட வேறொருவர் பதிவு செய்து வைத்திருந்தால் மெஷின் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்ளும். சேனலில் சட்ட வேலை பார்ப்பவர் பாட்டின் அழகைக் கேட்பதில்லை. மெட்டு யாருடையது, வரி யாருடையது, பாடியவரும் நாகஸ்வரம் வாசித்தவரும் கையெழுத்துப் போட்டார்களா என்றுதான் கேட்பார். இந்த மூன்றுக்கும் தாள் இல்லாத நல்ல பாட்டைவிடத் தாள் இருக்கும் சுமாரான பாட்டு அவருக்கு மேல். மறுப்புகளிலேயே நம் கையால் நாளைக்கே சரிசெய்யக் கூடியது இது ஒன்றுதான். பாடிய அத்தை மகளிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைப்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. பாட்டில்லாமல் வாத்தியம் மட்டும் தனி, குரல் தனி, தாளம் தனி என்று பிரித்த ஃபைல்களும், முப்பது வினாடி வடிவம் ஒன்றும் கூடவே இருந்தால், அவசரத்தில் தேடுகிறவர் கை அங்கே போக ஒரு காரணம் கிடைக்கும்.

மனசு படும் பாட்டையும் சொல்ல வேண்டும். ஒதுக்கப்படுவது மூளையில் உடம்பு வலியை ஒத்த இடங்களைத் தூண்டுகிறது என்று நவோமி ஐசன்பெர்கர் குழு 2003இல் எழுதியது. யாங் வாங், பெஞ்சமின் ஜோன்ஸ், தாஷுன் வாங் மூவரும் 2019இல் வேறொன்றைக் காட்டினார்கள். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வு மானியத்தை நூலிழையில் இழந்த இளம் விஞ்ஞானிகள், நூலிழையில் வாங்கியவர்களைவிடப் பின்னாளில் நன்றாகவே செய்தார்கள். நம் ஊக்கப் பேச்சாளர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் விட்டுவிடும் வரி ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது: இழந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்த மானிய அமைப்பை விட்டே மறைந்துவிட்டார்கள். நிலைத்தவர்கள்தான் மேலே வந்தார்கள். நிலைப்பதற்குச் சோறு வேண்டும். சேனல் பதிலுக்காகக் கோயில் கச்சேரியை விட்டவரைவிட, மேளமும் மிளகாய்க் காடும் பார்த்துக்கொண்டு நடுவில் பாட்டு அனுப்புகிறவருக்கு மறுப்பைத் தாங்கும் தெம்பு அதிகம். மறுப்பு வந்த பாட்டைப் போட்டுக் காட்டி ‘எங்கே சலிக்குது?’ என்று கேட்க இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. அந்த இரண்டு பேரில் ஒருவர் சொந்தக்காரராக இல்லாமல் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்க மறுப்பு ஒன்று பாக்கி. இசைக்காரரும் வேண்டாம் என்று சொல்லலாம். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. படத்திலோ தொடரிலோ சேர்ந்த மெட்டுக்கும் வரிக்கும், திரையரங்கில் காட்டுவது தவிர மற்றப் பயன்பாட்டுக்கான ராயல்டியில் சமபங்கு வாங்கும் உரிமையை அவர் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். அந்தச் சங்கம் 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ். எந்தப் பாட்டு எந்த எபிசோடில் எத்தனை வினாடி வந்தது என்ற கியூ ஷீட்டில் பேர் ஏறினால்தான் காசு வழி தேடி வரும். உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே நிரப்பிக்கொள்ளும்; வேறு மாதிரி எழுதாதவரை, வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்களைக் கம்பெனித் தாள்களில் பார்க்க நேர்வது இதனால்தான். அந்த வரியில் விரலை வைத்து, காலத்தைக் குறைக்கக் கேட்கலாம். கேட்டதற்காக ‘அப்ப வேற ஆளைப் பாத்துக்கிறோம்’ என்று போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.